பிரிட்டன் துணை விசா: சம்பளத்தைக் காட்டுவதா, சேமிப்பைக் காட்டுவதா?

பிரிட்டனில் இருப்பவர் தன் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள எடுப்பதுதான் துணை விசா. 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தபட்ச வருமான வரம்பு ஆண்டுக்கு 29,000 பவுண்ட். அதைக் காட்ட இரண்டு வழிகள் உண்டு.

தொகை
சம்பளம்: வரிப் பிடித்தத்துக்கு முந்தைய 29,000.
சேமிப்பு மட்டும்: 88,500.

காலம்
சம்பளம்: ஒரே முதலாளியிடம் ஆறு மாதம்.
சேமிப்பு: ஆறு மாதம் கையிருப்பில்.

ஆவணம்
சம்பளம்: ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, முதலாளியின் கடிதம்.
சேமிப்பு: வங்கி அறிக்கை, பணம் வந்த வழிக்கு விளக்கம்.

சம்பளத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான்: மாதச் சம்பளக்காரருக்கு ஆறு மாதத்தில் இருந்த மிகக் குறைந்த சம்பளமே கணக்கு. போன மாதம் கிடைத்த உயர்வு உதவாது. வெளிநாட்டில் இருக்கும் துணையின் சம்பளமும் சேராது.

சேமிப்பிலும் அப்படியே. ஒரே ஒரு நாள் இருப்பு இறங்கினாலும் அந்தக் குறைந்த தொகைதான் எண்ணப்படும். அப்பா அம்மா அன்பளிப்பாகத் தந்த பணம் செல்லும், கடன் செல்லாது. நகை, ஊர்க் காணி விற்காமல் அப்படியே இருந்தால் மதிப்பில்லை.

இரண்டையும் இணைக்கலாம். சம்பளம் 29,000க்கு எவ்வளவு குறைகிறதோ அதை 2.5 ஆல் பெருக்கி 16,000 கூட்டுங்கள். சம்பளம் 25,000 என்றால் 26,000 சேமிப்பு போதும். சுயதொழில் வருமானத்தோடு மட்டும் சேமிப்பை இணைக்க முடியாது.

நிலையான வேலை இருந்தால் சம்பள வழியே பாதுகாப்பானது, விசா நீட்டிப்பிலும் திரும்பக் காட்டலாம். அண்மையில் வேலை மாறியவர், வீடு விற்றவர் சேமிப்பைப் பார்க்கலாம். ஆனால் நீட்டிப்பு வரை அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.