வாடகைச் சட்டம்: 1960-ஆ, 2017-ஆ?

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இருந்தது. அதை நீக்கிவிட்டு, 2017-ல் இயற்றிய புதிய சட்டத்தை 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பழையதுதான் குடியிருப்பவரைக் காத்தது என்பவர்களும் உண்டு. அதற்குப் பயந்தே பலர் வீட்டைப் பூட்டி வைத்தார்கள் என்பவர்களும் உண்டு.

முதலில் வாடகை. பழைய சட்டத்தில் ‘நியாய வாடகை’ என்று ஒரு கணக்கு இருந்தது. மனையின் சந்தை மதிப்போடு தேய்மானம் போக மிஞ்சும் கட்டடச் செலவைக் கூட்டி, ஆண்டுக்கு அதில் 9 சதவீதம்; கடைகளுக்கு 12. மும்பையில் 1940-ம் ஆண்டு வாடகையிலேயே நிறுத்திவைத்தார்களே, அப்படி இங்கே இல்லை. மனை விலை ஏறினால் கணக்கும் ஏறும். அதனால் நியாய வாடகை கேட்டு வழக்குப் போட்டவர்களில் வீட்டுக்காரர்களே ஏராளம்! புதிய சட்டத்தில் இந்தக் கணக்கே கிடையாது. இருவரும் எழுதிக்கொள்வதுதான் வாடகை.

அட்வான்ஸ் விஷயத்தில் இரண்டுமே பலவீனம். பழைய சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. சென்னையில் பத்து மாதம் வாங்கினார்கள். புதியது மூன்று மாதம் என்கிறது, ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் இடம் விடுகிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதற்குத்தான் மறுப்பார்?

உண்மையான வேறுபாடு காலி செய்யச் சொல்வதில் இருக்கிறது. முன்பு ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது மட்டும் போதாது. வேண்டுமென்றே வாடகை தராதது, உள்வாடகைக்கு விட்டது, சொந்தத் தேவை, இடித்துக் கட்டுவது என ஏதாவது ஒரு காரணத்தை நிரூபிக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பக்கத்திலேயே வேலை என்று வாழ்க்கையை ஓரிடத்தில் ஊன்றியவருக்கு இது பெரிய பலம். இதற்கு விலையும் இருந்தது: நியாயமான தேவை உள்ள வீட்டுக்காரரும் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார். இப்போது ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இது நல்ல மாற்றம், கையில் ஆதாரம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறினால் அதுவே காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். வாடகை எக்கச்சக்கமாகக் கேட்கிறார்கள், கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவர் நிலைமை என்ன?

என்னைக் கேட்டால், புதிய சட்டத்தின் பதிவு இருக்கட்டும். புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு அதில் கட்டாயம் வேண்டும். அதுவும்கூட ஏற்கெனவே உள்ளே இருப்பவரைத்தான் காக்கும். புதிதாக ஊருக்கு வந்து வீடு தேடுபவருக்கு, சாதியும் மதமும் சாப்பாடும் கேட்டுக் கதவை மூடுவதை இரண்டு சட்டங்களும் தடுக்கவில்லை. அவருக்கு வேண்டியது கூடுதல் வீடுகள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசே ‘தோழி’ விடுதிகளைக் கட்டி வாடகைக்கு விடுகிறது. குடும்பங்களுக்கும் அப்படிப் பெரிய அளவில் ஏன் கட்டக் கூடாது?

அதுவரை, கையெழுத்துப் போடும் முன் ஒன்று செய்யுங்கள்: அடுத்தடுத்த ஆண்டுகளில் வாடகை எத்தனை சதவீதம் ஏறும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள்.