அல்சேஷனா, லெப்ரடோரா?
ஹட்டன், நுவரெலியா பக்கம் குட்டி எடுப்பவர்கள் முதலில் இடுப்பு மூட்டைப் பாருங்கள். இரண்டு இனத்துக்கும் அந்த மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு பரம்பரையாக வரும். தாய், தகப்பன் நாய்களின் எக்ஸ்ரேயைக் கேளுங்கள். லயத்துப் படிகளில் குட்டியை ஓடவிடாதீர்கள்.

அல்சேஷன் பொதுவாக 9 முதல் 13 வருடம் இருக்கும். பெரிய பயம், வயிறு ஊதித் திருகிக்கொள்வது. ஓங்கரிக்கும், வாந்தி வராது. வயிறு மத்தளம் மாதிரி இறுகும். உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அவசரத்துக்குச் சத்திரசிகிச்சைக்கு ஓட முடியாத, டவுனுக்குத் தூரமான தோட்டத்துக்கு லெப்ரடோர்தான் நல்லது.

அதற்கு ஆயுசு 10 முதல் 12 வருடம், சிலது அதையும் தாண்டும். பசி அடங்காத இனம். கொழுத்தால் மூட்டு சீக்கிரம் கெடும். தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மழையில் நனைந்தால் தொங்கும் காதின் உட்புறத்தைப் பஞ்சால் துடையுங்கள். கெட்ட வாடை வந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.