கார்ட்ரிட்ஜா, அப்பா காலத்து ரேசரா?

புதிதாகச் சவரம் பழகுகிறவருக்கு இரட்டை முனை பிளேடு மாட்டும் பழைய ரேசரையே நான் தயங்காமல் சொல்வேன். ஜில்லெட் 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அமைப்பு அது, பெரிதாக மாறவில்லை.

கார்ட்ரிட்ஜ் ரேசரில், அதாவது பிளேடுகள் பதித்த தலையையே கழற்றி மாற்றும் ரேசரில், அந்தத் தலை முகத்தின் வளைவுக்கு ஏற்பத் தானே சாயும். கோணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அவசரமான காலையில் இது பெரிய வசதி. ஆனால் அதிலுள்ள பல பிளேடுகள் முடியைத் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடும். சுருட்டை முடிக்காரர்களுக்கு அந்த முடி உள்ளுக்குள் வளர்ந்து கழுத்தில் சிவப்புப் பருக்களாகக் கிளம்பும். எனக்கு அப்படித்தான் வந்தது. ஒற்றை பிளேடு மாட்டும் பழைய ரேசருக்கு மாறியதும் பெரும்பாலும் அடங்கியது.

சரி, பழைய ரேசரில் என்ன சிரமம்? கைதான். கார்ட்ரிட்ஜ் பழகிய கை அழுத்தும், அழுத்தினால் வெட்டும். குளித்த பிறகு, சோப்பு நுரை நன்றாக ஊறியதும், ரேசர் தலையின் மேற்பகுதியைக் கன்னத்தில் தட்டையாக வையுங்கள். கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். சுமார் 30 டிகிரியில் பிளேடு முடியைத் தொட்டு 'சரக்' என்று சத்தம் கேட்கும். அந்தக் கோணத்திலேயே, ரேசரின் எடையை மட்டும் நம்பி, முடி வளரும் திசையில் சின்னச் சின்னதாக இழுங்கள். முதல் இரண்டு வாரம் எதிர்த்திசையில் போகவே வேண்டாம். தாடைக்குக் கீழே தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிளேடு சில ரூபாய்தான், நான்கைந்து சவரத்துக்கு வரும். விமானத்தில் கைப்பையோடு மட்டும் போகிறீர்களா? அன்றைக்குக் கார்ட்ரிட்ஜ்தான், தனி பிளேடை உள்ளே விடமாட்டார்கள்.