யூரோவிஷன் நடனப் போட்டி: பிரிட்டன் சொந்த மண்ணில் சறுக்கியது ஏன்?

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு ஜோடியை அனுப்பி மோதும் தொலைக்காட்சிப் போட்டியான யூரோவிஷன் நடனப் போட்டி இரண்டே முறைதான் நடந்தது: 2007 செப்டம்பர் 1 அன்று லண்டன், 2008 செப்டம்பர் 6 அன்று கிளாஸ்கோ. 2009-இல் அஜர்பைஜானின் பாக்குவில் நடக்கவிருந்தது கைவிடப்பட்டது. இரண்டையும் நடத்தியது பிரிட்டன். 1920 முதல் பிளாக்பூலில் நடன விழா நடத்தும் நாடு, பிபிசியின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நடனப் போட்டி 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' பிறந்த நாடு. ஆனாலும் முதல் ஆண்டு 16 நாடுகளில் 15-ஆவது இடம், மறு ஆண்டு 14-இல் 9-ஆவது.

2007-இல் பிரிட்டனுக்காக ஆடிய 'ஸ்ட்ரிக்ட்லி' நடனக் கலைஞர்கள் பிரெண்டன் கோல், கமில்லா டேலரப் ஜோடியை ஆட்டம் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கோளாறு தேர்வில். பிரிட்டிஷ் ரசிகர்களுக்கு இவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் எந்த நாடும் தன் ஜோடிக்கே வாக்களிக்க முடியாது. முதல் ஆண்டு முடிவு முழுக்கத் தொலைபேசி வாக்கில். ஒவ்வொரு நாடும் பத்து ஜோடிகளுக்கு 1 முதல் 8 வரை, பிறகு 10, 12 என்று புள்ளி தரும். பத்துக்குள் வராவிட்டால் அந்த நாட்டிலிருந்து பூஜ்யம்தான். உள்ளூர்ப் புகழ் இந்தக் கணக்கில் செல்லாது. முதல் முறை பார்ப்பவரை இரண்டு நிமிடத்துக்குள் கட்டிப்போடும் ஆட்டம்தான் செல்லும். பின்லாந்தின் யுஸ்ஸி வேனனென், காட்யா கோவுக்குலா அதைச் செய்தார்கள். 132 புள்ளிகளுடன் முதலிடம்.

2007-இல் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு ஆட்டம். முதலாவது பால்ரூம் அல்லது லத்தீன் என்ற இரு போட்டி நடன வகைகளில் ஒன்று, அடுத்தது நாட்டின் மணம் வீசும் ஃப்ரீஸ்டைல், அதாவது கட்டுப்பாடில்லாத ஆட்டம். தொலைக்காட்சிக்கு எது எடுபடும் என்பதை இங்கே நன்றாகப் பார்க்கலாம். பால்ரூம் வகையான குவிக்ஸ்டெப் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு கொண்ட தாளச் சுற்று), அதாவது 200 தாளத் தட்டுகள். ஜோடி தளம் முழுக்க ஓடும். கேமரா விலகினால் கால் வேலை தெரியாது, நெருங்கினால் ஓட்டம் தெரியாது. லத்தீன் வகையான ரும்பாவோ 25 முதல் 27 பார்தான், பெரும்பாலும் நின்ற இடத்திலேயே. இடுப்பும் கையும் முகமும் கேமராவின் ஒரே சட்டகத்தில் அடங்கும்.

மறு ஆண்டு விதிகளை மாற்றினார்கள். ஜோடியில் ஒருவர் தொழில்முறை நடனக் கலைஞராக இருக்கக் கூடாது. வாக்குடன் நிபுணர் நடுவர் குழுவும் சேர்ந்தது. நடுவர்களைச் சேர்த்தது சரியான முடிவு. தொழில்முறை அல்லாத அந்த இடத்தில் பிரபலங்களைத் திணித்தது தவறு: ஆட்டத்தின் தரம் இறங்கியது, அந்தப் பிரபலத்தையோ எல்லை தாண்டினால் யாருக்கும் தெரியாது. பிரிட்டனின் 2008 ஜோடியான நடிகை லூயிசா லிட்டன், நடனக் கலைஞர் வின்சென்ட் சிமோனே இருவருக்கும் நேர்ந்ததும் அதுதான். 154 புள்ளிகள் பெற்று வென்ற போலந்திலும் மார்சின் ம்ரோசெக் நடிகர்தான். ஆனால் அவருடன் ஆடிய எடிட்டா ஹெர்புஷ் தேர்ந்த ஆட்டக்காரர்.

பதிவு கிடைத்தால் 2007-ஐ முழுதாகப் பாருங்கள். 2008-இல் போலந்து ஆட்டத்தையும் பிரிட்டன் ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே போதும்.