வெண்ணிலாவா, சந்தமாமாவா?

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நிலாக் காலத்தில் கேட்க 'வாராயோ வெண்ணிலாவே' நல்லதா, தெலுங்கின் 'ராவோயி சந்தமாமா' நல்லதா? இந்தப் பாட்டுகள் உள்ள தமிழ் 'மிஸ்ஸியம்மா', தெலுங்கு 'மிஸ்ஸம்மா' படங்கள் இரண்டும் 1955இல் வந்தவை. எல். வி. பிரசாத் இயக்கம், ராஜேஸ்வர ராவ் இசை, சாவித்திரி நாயகி என எல்லாம் பொது.

பாட்டிலும் அதே மெட்டு, அதே ஏ. எம். ராஜா, பி. லீலா. கணவன் மனைவியாக நடிக்கும் இருவர் ஒருவர்மேல் ஒருவர் நிலாவிடம் கோள்மூட்டுகிறார்கள். தஞ்சை ராமையாதாஸ் வரிகளில் அந்தக் குத்தல் நம் காதுக்கு உடனே பிடிபடுகிறது. பிங்கலி நாகேந்திர ராவின் தெலுங்கில் எனக்கு ராகம்தான் மிஞ்சுகிறது. ராஜாவின் குழைவு தெலுங்கு நாயகன் என். டி. ராமராவைவிடத் தமிழ் நாயகன் ஜெமினி கணேசனுக்கே பொருந்துகிறது (ராமராவ் ரசிகர்கள் அடிக்க வரவேண்டாம்). அப்புறம், தெலுங்கில் நாகேஸ்வர ராவ் நடித்த வேடம் தமிழில் தங்கவேலுவுக்கு. சிரிக்க வேண்டுமென்றால் தமிழ்தான்.