கடையில் குளிர்ந்த ஃபிரிட்ஜ், அறைக்கு வந்ததும் நின்றது: ஹாஸ்டலுக்குப் பழைய மினி ஃபிரிட்ஜ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பழைய மினி ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையில் ஓட்டிக் காட்டும் குளிர்ச்சியை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் ஒருவர், ஏற்றிப்போகிறவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டுக்கும் சம்மதிக்காதீர்கள். எங்கள் பணம் அந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் போனது.

என் தங்கை தாம்பரம் பக்கம் ஒரு காலேஜில் முதலாமாண்டு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். பயன்படுத்தத் தொடங்காத இன்சுலின் பேனாக்களை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஹாஸ்டலின் பொது ஃபிரிட்ஜில் வைத்தபோது, தண்ணீர் பாட்டிலுக்கு இடம் தேடிய யாரோ பேனாக்களை ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டார்கள். உறைந்துபோன இன்சுலினை உருகிய பிறகும் போடக் கூடாது. அத்தனையும் வீண். வார்டன் அம்மா டாக்டர் சீட்டைப் பார்த்ததும், மாதாமாதம் கரண்டுக்குத் தனியாகக் கட்டிவிட்டு அறையிலேயே சின்ன ஃபிரிட்ஜ் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய ஒரு பழைய சாமான் கடையில் 50 லிட்டர் ஃபிரிட்ஜ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரீசர் சுவரில் ஐஸ் படிந்திருந்தது. "கை படாத பீஸு தம்பி. ஐடியில வேலை பாக்குற பையன் ரூம் காலி பண்ணிட்டுக் கொடுத்தது. ரெண்டு வருஷத்துக்கு நீங்க திரும்பிப் பாக்க வேணாம்" என்றார் கடைக்காரர். 6,500 சொன்னார், 5,500க்கு முடிந்தது. ரசீது கேட்டதும் பேச்சு மாறியது. துண்டுச் சீட்டில் "பழைய ஃபிரிட்ஜ் 1" என்று எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார். மாடல் நம்பர், சீரியல் நம்பர் எதுவும் இல்லை. எழுதித் தாங்கண்ணே என்று கேட்டதற்கு, "நான் இங்கயேதானே இருக்கேன், எங்க ஓடிடப் போறேன்?" என்றார்.

வண்டியையும் அவரே கூப்பிட்டார். "நம்ம பையன்தான்" என்று ஒரு குட்டி யானையைக் காட்டி, ஏற்று கூலி, இறக்கு கூலி, மாடி எல்லாம் சேர்த்து 700 என்று என் எதிரில் பேசி முடித்தார். நிற்க வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று நான் சொல்ல, கட்டினார்கள். வண்டி வழியில் இன்னொரு இடத்தில் நின்று யாருடைய கட்டிலையோ ஏற்றியது. பின்னால் பைக்கில் வந்த நான் பார்க்கும்போது ஃபிரிட்ஜ் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கிடந்தது. கம்ப்ரசருக்குள் ஆயில் இருக்கிறது. படுக்கப் போட்டால் அது குழாய்களுக்குள் ஓடிவிடும். சண்டை போட்டு நிமிர்த்த வைத்தேன்.

ஹாஸ்டல் வாசலுக்கு வந்ததும்தான் வண்டிக்காரர் உண்மையான பேச்சை ஆரம்பித்தார். மூன்றாவது மாடிக்குத் தனி, கூட வந்த ஆளுக்குத் தனி, காத்திருந்ததற்குத் தனி. மொத்தம் 1,900. அது பெண்கள் ஹாஸ்டல். ஆறு மணிக்கு மேல் வெளி ஆண்களை உள்ளே விட மாட்டார்கள். மணி ஐந்தரை தாண்டியிருந்தது. "கொடுத்தா ஏத்துறேன், இல்லேன்னா இங்கயே இறக்கிட்டுப் போறேன்" என்றார். யுபிஐயில் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம், கையில்தான் வேண்டும் என்றார். அது ஏன் என்று பிறகு புரிந்தது: அவர் பணம் வாங்கியதற்கு எந்தத் தடயமும் இல்லை. தங்கை வாசலில் பேனாக்கள் இருந்த ஐஸ் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். கொடுத்தேன். வேறு வழி எதையும் அந்த ஆள் விட்டுவைக்கவில்லை.

ஆயில் இறங்கட்டும் என்று இரவு முழுக்க ஃபிரிட்ஜைச் சும்மா நிறுத்தி வைத்து, காலையில்தான் பிளக்கில் போட்டோம். முதலில் நன்றாகவே ஓடியது. அப்புறம் கம்ப்ரசர் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. உள்ளே வைத்த பால் திரிந்தது. தங்கை உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டு வைத்திருந்தாள். அது 16 டிகிரி காட்டியது. பேனாக்களை ஈர மணலில் வைத்த மண்பானைக்கு மாற்றினோம். குளிர் விட்டுப்போனவற்றை வெளியில் வைத்ததாகவே கணக்கிட்டு 28 நாளுக்குள் தீர்க்க வேண்டும், மீதி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் போடும் வகைக்கு அதுதான் கெடு. ஃபிரிட்ஜ் விலையைவிட எனக்கு வலித்தது அதுதான்.

மெக்கானிக் வந்து ஃப்ரீசருக்குள் டார்ச் அடித்தார். ஓர் ஓரத்தில் நகத்தால் சுரண்டினார். வெள்ளி நிறப் பெயிண்ட் உதிர்ந்தது, அடியில் எம்-சீல். ஃப்ரீசர் சுவர் மெல்லிய அலுமினியத் தகடு, அதற்குள்தான் கேஸ் ஓடுகிறது. முன்பு வைத்திருந்தவர் யாரோ ஐஸைக் கத்தியால் குத்தி எடுத்திருக்கிறார், தகட்டில் ஓட்டை. கடையில் அதை அடைத்து, பெயிண்ட் பூசி, கேஸ் ஏற்றி விற்றிருக்கிறார்கள். உறைவதும் உருகுவதுமாக இருக்கும் இடத்தில் அந்த ஒட்டு நிற்காது. கம்ப்ரசர் ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று இருந்தது, அதாவது ஐசோபியூட்டேன். அளவு கொஞ்சம்தான் என்றாலும் தீப்பிடிக்கும் வாயு. மெக்கானிக் முதலில் ஜன்னலைத் திறந்தார், பேச்சை அப்புறம்தான் தொடர்ந்தார். மூன்று பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் அறை அது.

கடைக்காரரிடம் போனேன். "படுக்க வச்சுக் கொண்டுபோனா எந்த ஃபிரிட்ஜ் தாங்கும்? வண்டிக்காரனைக் கேளுங்க" என்றார். உங்கள் பையன் என்றுதானே சொன்னீர்கள் என்றால், "ரோட்டுல நிக்கிற வண்டி, யாருன்னே தெரியாது." வண்டிக்காரருக்குப் போன் செய்தால், "ஓட்டை ஃபிரிட்ஜை வித்தவரைக் கேளு." படுக்க வைத்தால் ஆயில் ஓடும், எம்-சீல் முளைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்தவரைக் கைகாட்ட ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அப்படிப் பேசுகிறார்கள்.

அதனால் சொல்கிறேன். நீங்கள் போகும்போது ஃபிரிட்ஜ் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கச் சொல்லி, ஐஸ் முழுக்க உருகிய பிறகு வந்து பாருங்கள். மறைத்த ஒட்டெல்லாம் ஐஸுக்கு அடியில்தான் இருக்கும். ஃப்ரீசர் தகட்டின் நான்கு பக்கமும் டார்ச் அடித்து, விரலால் தடவிப் பாருங்கள். திரும்ப ஓடவிட்டால் சுவர் முழுக்க ஒரே மாதிரி பனி படிய வேண்டும். ஒரு மூலையில் மட்டும் படிந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். பின்பக்கம் கம்ப்ரசரில் நுனி அடைத்த குட்டைக் குழாய் ஒன்று இருக்கும். அங்கே புதிதாகப் பற்றவைத்த பளபளப்பு தெரிந்தால் சமீபத்தில் கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். ஏன் ஏற்றினார்கள் என்று கேளுங்கள். சீரியல் நம்பரோடு ரசீது, அதிலேயே "வண்டியும் மாடியும் கடைப் பொறுப்பு" என்ற வரி, அறையில் ஓடிக் காட்டும்வரை ஒரு பகுதிப் பணம் உங்கள் கையில். இதற்கு ஒப்புக்கொள்ளாத கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

இதற்குப் பயந்து ஆன்லைனில் கிடைக்கும் 4 லிட்டர், 10 லிட்டர் "மினி ஃபிரிட்ஜ்" பக்கம் போனாலும் ஜாக்கிரதை. அவற்றில் பெரும்பாலானவற்றில் கம்ப்ரசரே கிடையாது. பெல்டியர் என்ற மின்சில்லு அறை வெப்பத்தைவிட ஒரு 15, 20 டிகிரி குறைக்கும், அவ்வளவுதான். சென்னை மே மாதத்தில் அறை 36 டிகிரி என்றால் உள்ளே 16க்குக் கீழே போவதே கஷ்டம். ஜூஸ் வைக்கலாம். இன்சுலினையும் பாலையும் அதில் வைக்க வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் இது வியாபாரிக்கு எதிராகத்தான் செல்லும். சொந்த உபயோகத்தில் இருந்ததை விற்கும் தனிநபரிடம் வாங்கினால் அந்த வழி அநேகமாக இல்லை. துண்டுச் சீட்டு, கடைக்காரருக்கு யுபிஐயில் அனுப்பிய 5,500க்கான பதிவு, மெக்கானிக் எழுதித் தந்த அறிக்கை, எம்-சீல் தெரியும் போட்டோக்கள் எல்லாம் சேர்த்து கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் ஆணையத்துக்குப் போவதாக முடிவு.

தங்கைக்குக் கடன் வாங்கி, பில்லோடும் வாரண்டியோடும் புது ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தாயிற்று. பழையது எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் நிற்கிறது. எடைக்குப் போடச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள், போடவில்லை. ஆணையம் பொருளைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம். இதே நிலையில் இருப்பவர்கள் நீங்களும் போட்டுவிடாதீர்கள், வேறு மெக்கானிக்கை வைத்து அந்த ஒட்டைப் பிரிக்கவும் விடாதீர்கள்.