மண்டபம் கரையில் வலை வைக்க ஒரு பழைய கூட்ஸ் பெட்டி

சக்கரம் கழற்றிய மீட்டர் கேஜ் (பழைய குறுகிய ரயில் பாதை) கூட்ஸ் பெட்டி ஒன்றைப் பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கி, வலை வைக்கும் அறையாக்கியிருக்கிறேன். ராமேஸ்வரம் பாதை 2007இல் அகலப்பாதையாகிவிட்டது. பெட்டி அதற்கும் முந்தையது, ஆனாலும் பக்கத் தகடு இன்னும் கெட்டி.

பெரிய நிம்மதி, எலித் தொல்லை ஒழிந்ததுதான். ஓலைக் கொட்டகையில் நைலான் வலையைக் கடித்துக் குதறிவிடும். கச்சான் காற்றில் கூரை பறக்குமோ என்ற பயமும் போய்விட்டது.

உப்புக் காற்றுதான் எதிரி. ரிவிட் வரிசையில் விரல் வைத்தாலே துரு செதில் செதிலாக உதிர்கிறது. கம்பி பிரஷால் சுரண்டி, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, அப்புறம்தான் பெயின்ட். வாடை மழைக்கு முன் இதை முடித்துவிட வேண்டும். அடியில் காற்று ஓடக் கருங்கல் மேல் தூக்கி வைத்திருக்கிறேன்.

மதியம் உள்ளே நிற்க முடியாது. மேலே பனை ஓலை வேய்ந்த பிறகு பரவாயில்லை. கருவாடு மட்டும் வைக்காதீர்கள், விடியற்காலையில் தகடு வியர்த்துச் சொட்டும்.

தரை ஓட்டையை அடைத்துத் தருவதாகச் சொன்ன வியாபாரி அப்படியே இறக்கிவிட்டுப் போனார், அது வருத்தம்தான். வாங்குகிறவர்கள் தரைத் தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தைரியமாக வாங்கலாம்.